முந்திரித் தோப்பில் விழுந்த வண்டி

நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக் ஓட்டும் பெண் என்றால், பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மலைக்கு ஏறப் போறீங்க?" நியாயம்தான். எங்கள் ஊரில் மலை என்று பெயர் வாங்கியது கேப்பர் மலை ஒன்றுதான். அதை டவுன் பஸ்ஸே அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். மலை இல்லாவிட்டால் என்ன, மணல் இருக்கிறதே.

என்னுடையது பழைய 411 சிசி வண்டி, ஒருவர் ஓட்டி விற்றது. முன்சக்கரம் 21 அங்குலம், இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், எடை 190 கிலோவுக்கு மேல். நான் ஐந்தடி மூன்று அங்குலம். நின்றால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும்.

வாங்கிய முதல் மாதமே இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, கிராஷ் கார்டு, கூடுதல் விளக்குகள் எல்லாம் மாட்டியாயிற்று. உயரத்தைக் குறைக்க சீட்டின் ஸ்பாஞ்சையும் அறுக்கச் சொன்னேன். கால் கொஞ்சம் எட்டியது, ஆனால் சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு போய்விட்டது.

அப்புறம் ஒரு சித்திரை மாதம், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் போனேன். பின்னால் பெட்டிகளின் பாரம், அதனால் முன்சக்கரத்துக்குப் பிடிப்பில்லை. மணலில் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பியது, வண்டி சாய்ந்தது. கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டியும் அவர் பேரனும் வந்து தூக்கிவிட்டார்கள். பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்டார்: "ஏம்மா, வீடு காலி பண்ணிக்கிட்டுப் போறியா?"

அன்று இரவே இரண்டையும் கழற்றினேன்.

உயரப் பிரச்சினைக்கு விடை பின்பக்க ஷாக் அப்சார்பரில் இருந்தது. இந்த வண்டியில் பின்சக்கரம் மேலும் கீழும் 180 மில்லிமீட்டர் போய்வரும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். டேப் வைத்து அளந்தால், எனக்கு 30 மில்லிமீட்டர்தான் அமுங்கியது. முன்னால் ஓட்டியவர் நல்ல ஆகிருதி, தன் எடைக்கு ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தேன். பாதத்தின் முன்பாதி தரையில் பதிந்தது, பள்ளத்தில் முதுகைக் குத்துவதும் நின்றது. பின்பக்கம் இறங்கியதால் ஹெட்லைட் மேலே பார்த்தது, அதையும் திருகிச் சரிசெய்தேன். செலவு? ஒரு ஸ்பேனர். ஸ்பாஞ்சை மட்டும் திரும்ப ஒட்ட முடியவில்லை, புது சீட்டுதான்.

மணலுக்கு விடை டயர் காற்றில். சாலையில் முன்சக்கரத்தில் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால், தோப்புக்குள் 18 அளவுக்கு இறக்குவேன். டயர் அகன்று உட்காரும், மணலில் அவ்வளவாகப் புதையாது. ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே ட்யூப். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும். தார்ச்சாலை வந்ததும் திரும்ப ஏற்ற, கைப்பம்பு கட்டாயம் வேண்டும்.

விளக்குகள் கதை தனி. மாட்டிய கடையில், மின்சாரத்தைப் பத்திரமாக விடும் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒயர் கருகும் வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. போலீஸ் மடக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சைலன்சரில் கைவைக்க ஆசைப்படுபவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் எனக்கு ஒரு வேலை தப்பாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய். சோம்பலில் ஒரு வாரம் விட்டேன், செயின் துருவேறி விறைத்துக்கொண்டது.

பெட்டிகளா? ஒன்றில் அம்மா மிளகாய் வத்தல் போட்டு வைத்திருக்கிறார். மற்றதை விற்கப் பார்க்கிறேன், எல்லோரும் ஜோடியாகத்தான் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.