ஊசி போட்ட பிறகும் பி.எஸ்.ஏ. ஏன் ஏறுகிறது?

(காட்சி: பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் லயம். வாசல் கதிரையில் விரித்து வைத்த கிளினிக் கொப்பி.)

குரல்: இந்தக் கொப்பியைப் பாருங்கள். புரொஸ்டேட் புற்றுநோய்க்காக, ஆண் ஹோர்மோனை அடக்கும் ஹோர்மோன் ஊசி தொடங்கியதும் பி.எஸ்.ஏ. (இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரொஸ்டேட் புரதம்) மளமளவென்று இறங்கியிருக்கிறது. கொஞ்ச காலம் அப்படியே கிடந்து, இப்போது மறுபடி ஏறுகிறது. "ஊசி வேலை செய்யல்லையா டொக்டர்?" என்றுதான் யாரும் கேட்பார்கள். பெரும்பாலும் ஊசி அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மாறியது புற்றுநோய்க் கலம்.

(அனிமேஷன்: புரொஸ்டேட் கலம் ஒன்று.)

ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்டெரோன் பெரும்பாலும் விதைகளில்தான் சுரக்கிறது. புரொஸ்டேட் கலத்துக்குள் வந்ததும் ஒரு நொதியம் அதை டி.எச்.டி. என்ற வீரியம் கூடிய வடிவமாக்கும். உள்ளே அந்திரோஜன் ஏற்பி என்றொரு புரதம் காத்திருக்கிறது. டி.எச்.டி. வந்து ஒட்டினால் ஏற்பி உருமாறி, சோடி சேர்ந்து, கருவுக்குள் போய் டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும். வளர்ச்சிக்கான மரபணுக்கள் முடுக்கப்படும். பி.எஸ்.ஏ.யை உண்டாக்கும் மரபணுவும் இதே ஏற்பியின் பிடியில்தான். அதனால்தான் ஏற்பி அடங்கினால் அந்த எண்ணும் இறங்குகிறது.

(ஒரு வேடிக்கை: இந்த ஏற்பிக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண்களுக்கு அது அம்மா கொடுத்தது.)

அந்தக் காலத்தில் தோட்டத்தில் தப்புப் பறை அடித்தால் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் சேரும். ஹோர்மோன் அந்தத் தப்புச் சத்தம், ஏற்பி அதைக் கேட்கும் காது. சத்தத்தை நிறுத்தினால் பரவிய புற்றுநோயும் ஒடுங்கும் என்று 1941இல் மருத்துவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். விதைகளை அகற்றித்தான் காட்டினார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசி கத்தியில்லாமல் அதையே செய்கிறது.

சரி, சத்தம் நின்ற பிறகும் ஆள் எப்படிச் சேர்கிறது?

(அனிமேஷன்: கலத்துக்குள் ஏற்பிகள் பெருகுகின்றன.)

சில கலங்கள் ஏற்பியை ஏராளமாகச் செய்து குவிக்கும். மிச்சமிருக்கும் துளி ஹோர்மோனே அதற்குப் போதும். அந்தத் துளி, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி தரும் மூலப்பொருளிலிருந்து வரலாம். கட்டியே சொந்தமாகத் தயாரித்தும் கொள்ளும். சிலவற்றில் ஏற்பி திரிந்துபோய், அதை அடைக்கக் கொடுத்த புளூட்டமைட் மாத்திரையையே ஹோர்மோனாக எடுத்துக்கொள்ளும். அப்போது டொக்டர் மாத்திரையை நிறுத்தினால் பி.எஸ்.ஏ. இறங்கவும் கூடும்!

எல்லாவற்றிலும் பொல்லாதது ஏ.ஆர்.-வி7 என்ற குறை ஏற்பி. ஹோர்மோன் ஒட்டும் பாகமே அதில் இல்லை. தப்பு அடிக்காமலே மலையேறுகிற ஆள். ஏற்பியை அடைக்கும் என்சலூட்டமைட் என்ற மருந்து ஒட்டுவதும் அந்தப் பாகத்தில்தான் என்பதால், இங்கே அது பெரும்பாலும் எடுபடாது.

அதனால் பி.எஸ்.ஏ. ஏறினால் டொக்டர் முதலில் இரத்தத்தில் டெஸ்டஸ்டெரோன் அளவைப் பார்ப்பார். அது தாழ்ந்தே இருந்தால் ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்து, ஹோர்மோன் உற்பத்தியையே மறிக்கும் அபிராட்டெரோனோ, ஏற்பியை அடைக்கும் என்சலூட்டமைட்டோ, கீமோவோ சேர்க்கப்படலாம். அப்போதும் ஊசி பொதுவாகத் தொடரும். நாமாக நிறுத்திவிட்டால் விதைகள் மறுபடி சுரக்கத் தொடங்கலாம். இன்னும் ஹோர்மோனுக்குக் கட்டுப்படுகிற கலங்களுக்கு அது தீனி.