பெக்கி: கானா நாடே பாடும் பாட்டைக் கட்டியவரின் ஊர்

வணக்கம் மக்களே! இன்றைக்கு நாம் இருப்பது கானாவின் வோல்டா பகுதியில், பெக்கி என்கிற எவே மக்களின் ஊரில். ஹோஹோவே பக்கம் அருவி பார்க்கப் போகிற வண்டிகள் பல இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் யாரும் இறங்குவதில்லை. அதற்கு எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஊருக்கென்று தனியாக ஒரு வீடியோ போட்டே ஆகவேண்டும் என்று வந்துவிட்டேன்.

பின்னால் தெரிகிற மலை, டோகோ வரைக்கும் நீளும் தொடரின் ஒரு பகுதி. பெக்கி என்பது ஒரே ஊரும் இல்லை. ப்லெங்கோ, அவேட்டிலே, ஜாக்கே, ட்சாமே என்று மலையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எவே மக்கள் யாரைக் கேட்டாலும் நோட்சே கதையைச் சொல்வார்கள். நோட்சே இப்போது டோகோவில் இருக்கிறது. அங்கே அகோகோலி என்று ஒரு கொடுங்கோல் அரசன். களிமண்ணில் முள்ளைக் கலந்து மிதிக்கச் சொன்னான், மண்ணில் கயிறு திரிக்கச் சொன்னான். ஊரைச் சுற்றி உயரமான மண்சுவர் வேறு. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்திரம் கழுவிய தண்ணீரை எல்லாம் தினமும் சுவரில் ஒரே இடத்தில் ஊற்றினார்கள். சுவர் ஊறி இளகியதும், ஒரு ராத்திரி பறை முழங்க, அந்த இடத்தை உடைத்து வெளியேறினார்கள். கால்தடம் பார்த்துத் துரத்திவிடக் கூடாதே என்று பின்பக்கமாகவே நடந்தார்களாம். அரசனை வென்றது சமையல்கட்டுத் தண்ணீர்! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான்.

அப்புறம், இங்கே வந்தும் நிம்மதி இல்லை. அக்வாமு அரசுக்குக் கட்டுப்பட்டு இருந்தார்கள். 1833-ல் குவாஜோ டே தலைமையில் பெக்கி எழுந்தது, சுற்றுவட்டார எவே ஊர்களும் சேர்ந்துகொண்டன, அக்வாமுவின் பிடி போனது. 1847-ல் ஜெர்மனியின் பிரேமன் மிஷனிலிருந்து லோரென்ஸ் வோல்ஃப் என்கிற கிறிஸ்தவ ஊழியர் வந்து சேர்ந்ததும் இதே ஊருக்குத்தான். பிறகு ஐரோப்பியர்கள் எல்லை பிரித்தபோது பக்கத்து ஹோ, பாண்டோ எல்லாம் ஜெர்மன் டோகோலாந்துக்குப் போக, பெக்கி மட்டும் பிரிட்டிஷ் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது அன்றைய கானாவில், நின்றது. ஒரே மக்கள், நடுவில் கோடு.

சரி, நான் இந்த ஊரில் இறங்கியதற்கு முக்கியமான காரணம் எஃப்ரைம் அமு. 1899-ல் அவேட்டிலேயில் பிறந்தவர். அக்ரோபாங்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தார். கோட்டு சூட்டு போட்டால்தான் மரியாதை என்றிருந்த காலத்தில், உள்ளூர்த் துணியைப் போர்த்திக்கொண்டு தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். நம் தாளத்திலேயே கடவுளைப் பாடலாம் என்றார். மேலிடத்துக்கு இது பொறுக்கவில்லை. 1933-ல் அந்த வேலை போயிற்று. ஆனாலும் அவர் துணியை மாற்றவில்லை. அச்சிமோட்டா கல்லூரியில் வேலை கிடைத்தது, மூங்கில் குழலைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். 1929-லேயே 'யென் அரா அசாசே நி' பாட்டைக் கட்டியவர் இவர்தான். இது நம் சொந்த மண், முன்னோர் ரத்தம் சிந்தி வாங்கிக் கொடுத்தது என்கிற பாட்டு. தேசிய கீதம் வேறு, ஆனால் கானா மக்கள் நெஞ்சிலிருந்து பாடுவது இதைத்தான். நோட்சேயிலிருந்து நடந்து வந்து, போராடி நின்ற ஊரில் பிறந்தவருக்கு இப்படி ஒரு பாட்டு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இங்கே வந்தால் அக்பிளே சாப்பிடாமல் போகாதீர்கள். சோளமாவைக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி இறக்குவது, நம் களி மாதிரி. மீனும் செம்பனை எண்ணெயும் போட்ட வெண்டைக்காய்க் குழம்பில் பிட்டுத் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்கவேண்டும். குழம்பு நூல் நூலாக இழுக்கும், அதுதான் பதம்.

திருவிழா பார்க்கவேண்டும் என்றால் நவம்பரில் வாருங்கள், கிபிடுகோர் விழா. பெக்கியும் ஹோஹோவேயும் 'கிபி' என்கிற ஒரே வம்சம் என்பதால் மாற்றி மாற்றி இரண்டு ஊரிலும் நடத்துகிறார்கள். எந்த வருஷம் எங்கே என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.