மூடி இல்லாத பாட்டிலோடு ஒரு ரேஸ் நாள்

வணக்கம் மக்களே. ஸ்டாண்ட் உடைந்துவிட்டது, நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் போனை வைத்துப் பேசுகிறேன், நடுவில் சரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இன்றைக்கு டயர், பிட் ஸ்டாப் எதுவும் கிடையாது. இதோ இந்தப் பாட்டிலைப் பாருங்கள். மூடி எங்கே? அதுதான் இன்றைய கதை.

போன வாரம் கார் ரேஸ் பார்க்கப் போயிருந்தேன். எந்த டிராக் என்று சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன், காலையில் எழுந்து கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டுப் பொட்டலத்தை அந்தக் காவலர் இரண்டு விரலால் தூக்கி, "வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை" என்றார். பக்கத்திலேயே ஒரு பெரிய தொட்டி. அதில் பிரிக்காத பாக்கெட், சீல் உடைக்காத ஜூஸ், யாரோ வெட்டிப் போட்டுக் கொண்டுவந்த பழம், எல்லாம் விளிம்புவரை நிறைந்து கிடந்தன. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவரிடம் மட்டும், குழந்தைச் சாப்பாடு என்றால் கொண்டுபோகலாம் என்று விட்டார்கள். நல்ல விஷயம். எனக்குத்தான் அந்த வயது தாண்டிவிட்டது.

தண்ணீர்ப் பாட்டிலுக்கு அனுமதி உண்டு, ஆனால் மூடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். நிறைந்த பாட்டிலை மூடியோடு வீசினால் கல் மாதிரி போய் விழும், மூடி இல்லாவிட்டால் தண்ணீர் கொட்டிவிடும், அவ்வளவு தூரம் போகாது என்றார். சரி, நியாயம்தானே என்று உள்ளே போனேன். ஐம்பதடி நடந்திருப்பேன், முதல் கடையில் அதே அளவுப் பாட்டில், மூடி, சீல் எல்லாவற்றோடும், வெளியே விற்பதைப்போலப் பல மடங்கு விலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கிய பாட்டிலை வீசினால் பறக்காதா? என் பாட்டிலை அன்றைக்கு முழுக்கக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கார் வரும்போது வீடியோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினால் தொடையில் கொட்டுகிறது. அன்றைக்கு எடுத்த வீடியோ எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்பு என்ற காரணத்தை நான் அப்படியே தள்ளிவிடவில்லை. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் சாப்பாடு? உலகத்திலேயே பெரிய ரேஸ் மைதானம் அமெரிக்காவில் இருக்கிற இண்டியானாபொலிஸ், நிரந்தர இருக்கைகள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். அங்கே நடக்கிற பெரிய பந்தயமான இண்டி 500 அன்றைக்கு 18 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரத்துக்குள் இருக்கிற கூலர் பெட்டியை, உள்ளே சாப்பாடும் பானமும் வைத்து நீங்களே தூக்கிக்கொண்டு போகலாம். கண்ணாடிதான் கூடாது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடர் நடக்கிற பல டிராக்குகளிலும் 14 அங்குலத்துக்குள் மென்மையான கூலர் பை கொண்டுபோக அனுமதி உண்டு. அத்தனை கூட்டத்தை வைத்துக்கொண்டு அவர்களால் முடிகிறது என்றால், மற்ற இடத்தில் முடியாது என்பதை எப்படி நம்புவது?

இன்னொன்று, ரேஸ் என்பது சினிமா மாதிரி இரண்டரை மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. இண்டி 500-க்குக் காலை 6 மணிக்கே கதவு திறந்துவிடுவார்கள், பந்தயம் தொடங்கவே நண்பகல் தாண்டிவிடும், அதற்கப்புறம் 200 சுற்று. பிரான்ஸில் நடக்கிற லெ மான் பந்தயம் என்றால் 24 மணி நேரம். மற்ற பல இடங்களிலும் பயிற்சி, தகுதிச் சுற்று, துணைப் பந்தயங்கள் என்று மூன்று நாள் ஓடும். இரண்டு வேளையாவது அங்கேதான் சாப்பிட வேண்டும், நாலு பேர் குடும்பம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றால், பல இடத்தில் ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

சரி, நடத்துகிறவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்களா? அதுவும் இல்லை. உலகம் சுற்றி நடக்கிற ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயத்தைத் தங்கள் மைதானத்தில் நடத்த, பெரும்பாலான மைதானக்காரர்கள் ஃபார்முலா 1-க்குக் கட்டணம் கட்ட வேண்டும். தொலைக்காட்சிப் பணம் அவர்களுக்கு வராது, டிராக் ஓர விளம்பரப் பலகை வருமானமும் பெரும்பாலும் வராது. மிச்சம் டிக்கெட், பார்க்கிங், சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் இருக்கிற சில்வர்ஸ்டோன் மைதானத்துக்கு 2010 பந்தயத்திலிருந்து தொடங்கிய ஒப்பந்தத்தில் கட்டணம் வருஷா வருஷம் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. தொடக்கத்தில் 1.15 கோடி பவுண்ட், 2017-இல் 1.62 கோடி, அப்படியே விட்டிருந்தால் 2026-இல் 2.5 கோடி. 2015-இல் 28 லட்சம் பவுண்ட் நஷ்டம், 2016-இல் 48 லட்சம். அவ்வளவு கூட்டம் வருகிற இடத்திலேயே! கடைசியில் 2017-இல் இனி முடியாது என்று ஒப்பந்தத்திலிருந்து விலகுகிற பிரிவைப் பயன்படுத்தினார்கள், 2019-இல்தான் புது ஒப்பந்தம் போட்டார்கள்.

அந்தப் பாரம் கடைசியில் வந்து விழுவது உங்கள் தலையிலும் என் தலையிலும்தான். 2023 பந்தயத்துக்கு அதே சில்வர்ஸ்டோனில், வாங்குகிற கூட்டத்தைப் பொறுத்து டிக்கெட் விலை தானாக ஏறுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், 2025 பந்தயத்துக்கு அதைக் கைவிட்டார்கள். ஆக, சத்தம் போட்டால் கேட்காமலும் இல்லை. கடைக்காரரையும் திட்டாதீர்கள், அவர் உள்ளே கடை போட மைதானத்துக்குப் பணம் கட்டியிருப்பார், அதை அந்த மூன்று நாளில் எடுத்தாக வேண்டும்.

2023-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடும் மது இல்லாத பானமும் டிக்கெட் விலையிலேயே சேர்ந்தவை என்று விற்றார்கள். யோசனை என்னமோ நல்லதுதான், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தால் பசியே அடங்கிவிடும். முதல் பயிற்சியில் சைன்ஸ் என்ற ஓட்டுநரின் காருக்கு அடியில் தண்ணீர் வால்வு மூடி ஒன்று கிளம்பிவந்து அடித்து, எட்டு நிமிஷத்தில் ஓட்டம் நின்றது. (இந்த விளையாட்டில் எல்லாப் பிரச்சினையும் மூடியில்தான் இருக்கிறதோ என்னவோ.) இரண்டாவது பயிற்சி தொடங்குவதற்குள், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ரசிகர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள், காலி கேலரிக்கு முன்னால் கார் ஓடியது. அந்த ஒருநாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் 200 டாலர் கூப்பன், அதுவும் அவர்கள் கடையிலேயே பொருள் வாங்க.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம், இது ரேஸ் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அட்லாண்டாவில் 2017-இல் திறந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்கு அப்போது ஹாட் டாக் 2 டாலருக்கு விற்றார்கள், குளிர்பானமும் 2 டாலர், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ள விட்டார்கள். பழைய ஸ்டேடியத்தைவிட விலை பாதி. ஆனால் ஒரு ஆள் சாப்பாட்டுக்குச் செலவழித்தது 16 சதவீதம் கூடியது. நியாயமான விலை என்றால் மனுஷன் பையிலேயே எதையும் கட்டிக்கொண்டு வர மாட்டான், இரண்டாவது முறையும் போய் வரிசையில் நிற்பான். நானே நின்றிருப்பேன், என் பொட்டலத்தைத் தொட்டியில் போட்ட கோபத்தில் அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் பட்டினியாக இருந்தேன், அதனால் அந்த மைதானத்துக்கு என்ன லாபம்?

அடுத்த முறை போகிறவர்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மைதானத்தின் இணையதளத்தில் தடை செய்த பொருட்கள் என்ற பக்கத்தை முழுசாகப் படியுங்கள், பை அளவு, பாட்டில் அளவு, திரும்ப உள்ளே விடுவார்களா, தண்ணீர் நிரப்புகிற குழாய் எங்கே, எல்லாம் அங்கே இருக்கும். நான் டிக்கெட் வாங்கிய பிறகுதான் படித்தேன், அதுவும் வரிசையில் நிற்கும்போது.

ஆங், மூடி. சாயங்காலம் வெளியே வரும்போது வாசலோரம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மூடிகள். குனிந்து மூன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.