முதலில் கழிப்பறை, அப்புறம் பாதை

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் நெடுங்காலம் கைட்ஸ், அதாவது சாரணியர் அணியின் கேப்டனாக இருந்தவள் என்பதால், பெண்பிள்ளைகளைக் கூட்டமாக நடைப்பயணம் கூட்டிப்போவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் அணிதிரண்டபோது, யாரும் கூப்பிடாமலே சில பெண்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். மறுவருஷமே அவர்களுக்கென்று கைட்ஸ் இயக்கம் வந்துவிட்டது. வெளியே போகவேண்டும் என்ற ஆசையில் பிறந்த இயக்கம் இது. சரி, இன்றைக்கு நம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்போது எதை முதலில் யோசிக்கிறோம்? பஸ், புளிசாதம், தொப்பி. நான் முதலில் யோசிப்பது கழிப்பறையை.

சிரிக்காதீர்கள். ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் அன்னவாசலில் இறங்கி, சமணர் குகை இருக்கிற சித்தன்னவாசலுக்கு நடந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் வீட்டில் நிரப்பியது அப்படியே இருந்தது. முகம் சிவந்து, தலை வலிக்கிறது என்கிறாள். "ஏம்மா குடிக்கலை?" என்றால் பக்கத்தில் இருந்தவள் பதில் சொல்கிறாள்: "குடிச்சா அப்புறம் வரும்ல மிஸ்." மற்றவர்களின் பாட்டில்களையும் பார்த்தேன். பாதிக்குமேல் அதே கதை. பள்ளிக்கூடத்திலேயே பழகிய பழக்கம் இது, தாய்மார்களுக்குத் தெரியும். வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு வெயில் மட்டுமா காரணம்?

அதனால்தான் சொல்கிறேன், முதலில் கழிப்பறை, அப்புறம் பாதை. போவதற்கு முந்தின வாரம், அதே கிழமையில், அதே நேரத்தில் நீங்கள் ஒருதரம் நடந்து பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் இருக்கிறதா, பூட்டு போட்டிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? சனிக்கிழமை என்றால் அரசுப் பள்ளியின் சாவி யாரிடம்? டீக்கடை அக்காவிடம் கேளுங்கள், ஊர் விவரம் எல்லாம் அவரிடம் இருக்கும். ஒரு மணி நேர நடைக்கு ஓர் இடமாவது வேண்டும். இல்லையென்றால் பாதையை மாற்றுங்கள், பிள்ளையை அடக்கச் சொல்லாதீர்கள். நாப்கினும் பழைய செய்தித்தாளும் ஒவ்வோர் அணியின் முதலுதவிப் பையிலும் இருக்கட்டும். கேப்டனிடம் வந்து கேட்டு வாங்கும்படி வைத்தால் பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். இவ்வளவும் செய்தபிறகு, விசில் அடித்து எல்லோரையும் சேர்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். முதல் மடக்கு நீங்கள் குடியுங்கள்.

அடுத்தது வேகம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் இருந்தால் அதற்குத் தனி நேரம். அது தனியாக நடக்கிற பெரியவருக்கு. நம் பிள்ளைகளுக்கு மணிக்கு 3 என்று வையுங்கள். ஆகச் சின்னவள் முன்னால் நடக்கட்டும், பின்னால் ஒரு பெரியவர். முன்னால் போகிறவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, கடைசிப் பெண் வந்து சேர்ந்ததும் "கிளம்பலாம்" என்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அவளுக்கு ஓய்வே கிடையாது! அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வுநேரம் ஆரம்பம்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் போகவேண்டும். ஒவ்வொருத்திக்கும் துணையாக ஒரு ஜோடிப் பெண்; கிளம்பும்போதெல்லாம் தலையை எண்ணுங்கள். வீசிங் இருக்கிற பிள்ளையின் இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்கவேண்டும், வேனில் அல்ல. காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம், கோடையில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள்.

இங்கே கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வழியில் ஆடுகிற விளையாட்டுகளைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் யாரும் பேசாமல் நடக்கவேண்டும். பிறகு கேட்ட சத்தங்களை அணி அணியாகச் சொல்லவேண்டும். மயில், மோட்டார், யார் வீட்டு மிக்ஸியோ, எல்லாம் வரும். பாட்டையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், சினிமாப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

சித்தன்னவாசல் போகிறவர்கள் மலைமேல் இருக்கிற ஏழடிப்பட்டம் குகைக்குக் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். வணக்கம்.