தறி நின்ற பிறகும் கேட்கும் இரைச்சல்

தலைவர் அவர்களே, நூலக வாசகர் வட்டத்து நண்பர்களே, பகல் ஷிப்டு முடித்து நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தறித் தொழிலாளத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

காதிரைச்சலோடு வருகிறவர்கள் அதை ஒரே மாதிரிச் சொல்வதில்லை. ஒருவருக்கு அது சில்வண்டுச் சத்தம். இன்னொருவருக்குக் குக்கரிலிருந்து ஆவி சீறுவது. வேறொருவருக்கு ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே ரீங்காரம். இந்த வட்டாரத்தில் நான் அதிகம் கேட்டது, “தறிய நிறுத்திப்போட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டேதானுங்க இருக்குது” என்பதைத்தான். அப்படி வருகிறவர்களில் பலர், “எல்லாம் டென்ஷன்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்ற பதிலை வேறெங்கோ ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அந்தப் பதிலில் உண்மை எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

வெளியில் ஒலியே இல்லாதபோது காதில் ஒலி கேட்பது அபூர்வமான நோயன்று. வயது வந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் ஏதோ ஒரு கட்டத்தில் இதை உணர்கிறார்கள் என்று 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது. அதற்கும் வெகு முன்பே, 1953இல், ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் செவித்திறன் சரியாக உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்துப் பார்த்தபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஓசை கேட்பதாகச் சொன்னார்கள். ஆக, நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது; சிலருக்கு மட்டும் அது ஏன் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிதாகிறது என்பதே விடை காண வேண்டிய கேள்வி.

நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உட்செவியில் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கு ஏற்ற செய்தியாக மாற்றும் வேலையில் பங்கெடுக்கும் இந்த அணுக்கள் செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஒரு பகுதி அணுக்கள் அழிந்து அங்கிருந்து வரும் செய்தி மெலிந்துவிட்டால், மூளை அந்தக் குறைவை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டுகிறது. இதோ, என் குரல் இறங்கினால் மைக்செட் தம்பி வால்யூமைத் திருப்புகிறார்; குரலோடு சேர்ந்து ஸ்பீக்கரின் ‘உஸ்’ என்ற சத்தமும் ஏறுகிறதல்லவா, அதுதான் அங்கேயும் நடக்கிறது. செவி நரம்பில் வளர்ந்த கட்டியை அகற்றும்போது அந்த நரம்பே துண்டிக்கப்பட்ட நோயாளிகளில்கூடப் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை என்பதிலிருந்து, பழுது காதில் தொடங்கினாலும் ஓசையை நிலைக்கச் செய்வது மூளை என்பது தெளிவாகிறது.

மயிரணுக்களை அழிப்பவற்றுள் முதுமைக்கு அடுத்தபடி முக்கியமானது பேரொலி. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரந்தான் பாதுகாப்பு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளோ 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. இது மிகத் தாராளமான வரம்பு என்பது என் கருத்து. விசைத்தறிக் கூடங்களில் 90ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அதிலும் ஷிப்டு பல இடங்களில் 12 மணி நேரம். இத்தகையவர்களுக்குச் செவித்திறன் சோதனை செய்தால், வரைபடக் கோடு 4000 ஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த சுருதி அருகே ஒரு குழியில் இறங்கி மறுபடி ஏறுவதைக் காணலாம். தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகக் கேட்பதால் காது கெட்டிருப்பது அவர்களுக்கே தெரியாது. “சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியல” என்பார்கள். பெரும்பாலும் அந்தக் குழி விழுந்த சுருதியை ஒட்டியே இரைச்சலும் இருக்கும்.

எளிதில் தீரக்கூடிய காரணங்களும் உண்டு. குறும்பி அடைத்து நிற்பது அவற்றுள் ஒன்று. அதை ஹேர்பின்னாலும் பட்ஸாலும் குடைகிறவர்கள் இன்னும் உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றிச் செவிப்பறைக் கிழிசலைச் சீழாக்கிக்கொண்டு வருகிறவர்களும் குறைவில்லை. நடுச்செவியில் நீர் கோத்தல், தாடை மூட்டுக் கோளாறு, கழுத்துத் தசைப்பிடிப்பு ஆகியவையும் இரைச்சல் தரும். மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும், குவினைனும், அதிக அளவிலான ஆஸ்பிரினும் காதைத் தாக்கக்கூடியவை. இதயத்துக்காக எடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அப்படிச் செய்வது அரிது. அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. நாடித் துடிப்போடு சேர்ந்து ‘குப் குப்’ என்று கேட்டால் அது வேறு வகை. இரத்தசோகை, தைராய்டு, இரத்த நாளக் கோளாறு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

இனி டென்ஷனுக்கு வருகிறேன். மகள் கல்யாணக் கடன், வீட்டில் ஒரு சாவு, வேலை போனது என ஒரு நெருக்கடியின்போதுதான் இரைச்சல் தொடங்கியது என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் செவித்திறன் குறைவு முன்பே இருந்திருக்கும். அதுவரை மூளை பொருட்படுத்தாமல் ஒதுக்கிவைத்த ஓசையை, அச்சத்தில் விழித்திருக்கும் மனம் அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. உணர்ச்சிகளை ஆளும் மூளைப் பகுதிகளும் இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாகவே நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலமும் இதில் பங்கேற்கின்றன என்று 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றைய சிகிச்சைகளுக்கு ஓர் அடிப்படையாக இருக்கிறது. இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை பதற்றத்தைக் கூட்டுகிறது. பதற்றத்தில் இரவெல்லாம் பல்லைக் கடிப்பதால் தாடை மூட்டும் நோகிறது. மறுநாள் இரைச்சல் இன்னும் உரக்கக் கேட்கிறது. ஆகவே மன அழுத்தத்தைக் காரணமாகச் சொல்வதில் தவறில்லை. காதைச் சோதிக்காமலேயே அதைச் சொல்வதுதான் தவறு.

சிலவற்றில் தாமதம் கூடவே கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் தொடங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்தான். ஒரே காதில் நீடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோடு வரும் இரைச்சல், முகத்தில் ஒரு பக்கம் வலுவிழப்பது ஆகியவையும் கட்டாயம் ஆராயப்பட வேண்டியவை.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ என்னும் மூலிகைச் சாறு, துத்தநாகம் என்று விற்கப்படுபவற்றில் பணத்தைப் போடாதீர்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி பல சமயம் இரைச்சலையும் அடக்குகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஓசையின் உரப்பைக் குறைக்காவிட்டாலும் அது தரும் தொல்லையைக் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. படுக்கும்போது அறையை முழு நிசப்தமாக்காமல் மின்விசிறியோ மெல்லிய வானொலியோ ஓடட்டும்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். போதாது, பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம். இந்த ஸ்பாஞ்சு அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கிப் பின்னுக்கு இழுங்கள். உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் கனத்துக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.