மகளின் பங்கும் உலக உடன்படிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம். ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையிலான எல்லைத் தகராற்றைத் தீர்த்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. அதனால் நம் ஊர்களுக்கிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை. ஆனால் குடும்பச் சொத்தில் மகளுக்கு என்ன பங்கு என்பதைப் பல ஆண்டுகள் அந்த எல்லைக்கோடே தீர்மானித்தது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமையை மகன்களுக்கே விட்டுவைத்தது. என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது ஆந்திரம் அதைத் திருத்தி, 1985 செப்டம்பர் 5 முதல் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. தமிழ்நாட்டில் அதே உரிமை 1989 மார்ச் 25-இல்தான் வந்தது. இரண்டு சட்டங்களுமே அந்தந்த நாளுக்கு முன்பு மணமாகிப்போன மகள்களை விலக்கிவிட்டன. 1987-இல் மணமான இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஆந்திரத்து நகரிப் பக்கத்து நிலத்தில் ஒருத்தி அண்ணன் தம்பிகளோடு சம பங்காளி; சில மைல் தெற்கே, திருத்தணிப் பக்கத்து நிலத்தில் மற்றவளுக்கு அந்த உரிமை இல்லை. இந்த வேற்றுமை 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டத்தால்தான் நீங்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது.

இதில் உலகச் சட்டத்தின் பங்கு என்ன? பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979-இல் ஏற்றது. இந்தியா அதை உறுதிசெய்தது 1993 ஜூலை 9-இல். அதாவது ஆந்திரமும் தமிழ்நாடும் அதற்கு முன்பே சட்டம் இயற்றிவிட்டன. ஆகவே எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று சொல்வது நம் மாநிலங்களுக்குச் செய்யும் அநீதி. உடன்படிக்கையின் வலிமை முதலில் நீதிமன்றங்களில்தான் தெரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மாசிலாமணி முதலியார் வழக்கில், உயிலின்படி ஆயுட்கால அனுபோகம் மட்டுமே பெற்றிருந்த பெண்ணை முழு உரிமையாளர் என்று 1996-இல் தீர்த்தபோது, உச்ச நீதிமன்றம் இந்த உடன்படிக்கையை விரிவாக எடுத்துக்காட்டியது. மறு ஆண்டு விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகச் சட்டமே இல்லாத நிலையில், இதே உடன்படிக்கையைத் துணைகொண்டு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 வரை ஆனது.

நம் பகுதியில் இன்றுள்ள சிக்கல் சட்டம் இல்லாதது அன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, கையெழுத்தோடு தன் பங்கை விட்டுப்போகும் மகள்தான் சிக்கலின் மையம். கல்யாணத்துக்குச் செலவு செய்தாயிற்று, சீர் செய்தாயிற்று, இனிப் பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுப்போகும் என்ற அச்சம் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். கணவனை இழந்தபின் அண்ணன் வீட்டை விட்டால் போக்கிடம் இல்லாத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வகுக்கும் இத்தகைய வழக்கங்களை மாற்ற அரசு முனைய வேண்டும் என்று உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், அந்தந்தச் சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் அதன் தனிப்பட்ட விவகாரங்களில் தலையிடமாட்டோம் என்று, அந்தப் பிரிவுக்கும் குடும்ப உறவுகளைப் பற்றிய 16-ஆம் பிரிவுக்கும் இந்தியா விளக்க அறிக்கை கொடுத்தே கையொப்பமிட்டது. சமூகத்தின் சம்மதம் என்று சொல்லும்போது அதில் மகளின் சம்மதம் எப்படி எண்ணப்படும் என்பதற்கு அந்த அறிக்கையில் விடை இல்லை. அதைத் திரும்பப் பெறவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நாட்டுப்புறப் பெண்களுக்கென்றே அமைந்த 14-ஆம் பிரிவு விவசாயக் கடனையும் நிலச் சீர்திருத்தத்தில் சம நடத்தையையும் பேசுகிறது. ஆந்திரத்தில், நிலம் யாருடையது என்று காட்டும் பட்டாதார் பாஸ் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பயிர்க்கடன் எளிதில் கிடைக்கும். கடலையும் மாந்தோப்பும் வளர்ந்து நிற்கும் நிலத்தில் பெண் எவ்வளவு உழைத்தாலும், புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் வங்கியில் அவளுக்கு இடமில்லை.

ஆகவே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தெலுங்கில் எழுதப்பட்டிருந்தால் தமிழில் பொருள் கேளுங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கப்பட்ட பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். உண்மை தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையையும், அந்த நாளுக்கு முன் நடந்த விற்பனை போன்ற கைமாற்றங்களையும் 2005-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தொடாது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது நிலத்தின் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.