பாளையங்கோட்டையில ராத்திரி பூரா ஸ்ட்ரீம் பண்ணினா அமெரிக்க சார்ட்டுல ஏறுமா?

வணக்கம் மக்களே! கொரியப் பாட்டுக் குழுவான பி.டி.எஸ் பாட்டை விடிய விடிய ஓடவிட்டுட்டுத் தூங்குத பிள்ளைய நம்ம பாளையங்கோட்டையில நிறைய இருக்கிய. அதுல எவ்வளவு, அமெரிக்காவோட பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 கணக்குல சேரும் தெரியுமா? ஒண்ணுகூட சேராது! அமெரிக்காவுக்குள்ள கேக்குததை மட்டுந்தான் அதுல எண்ணுவாங்க. நம்ம ஸ்ட்ரீம் போய்ச் சேருத இடம், உலகம் பூரா கேக்குததை எண்ண பில்போர்டு 2020 செப்டம்பர்ல ஆரம்பிச்ச குளோபல் 200.

கொரியாவுல ஆல்பம் விற்பனைக்கு முக்கியமா ரெண்டு சார்ட்டு. கடைக்கு அனுப்புன ஆல்பத்தை சர்க்கிள் எண்ணும், கடையில வித்ததை உடனுக்குடனே ஹான்டியோ எண்ணும். அம்புட்டுதான், மேல போவோம்.

ஹான்டியோவுல முதல் ஏழு நாள் விற்பனைக்குத்தான் பெரிய மவுசு. ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேர் இழுக்குததைப் பாத்திருப்பியல்லா? ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சுல வடத்தைப் பிடிச்சு இழுத்தாத்தான் ரதவீதியில சக்கரம் உருளும். காலைல நாலு பேரு, மத்தியானம் பத்து பேருன்னு இழுத்தா தேர் நிலையை விட்டு அசையாது. ரசிகருங்க ஆன்லைன்ல பண்ணுதது அந்த வேலையேதான். எந்த வாரம், எந்தக் கடை, எத்தனை ஆல்பம் இலக்குன்னு முன்கூட்டியே எக்ஸ் தளத்துல பேசி வச்சிருதாங்க. வெறும் ஹேஷ்டேக் ஒரு ஆல்பத்தைக்கூட விக்காது, இந்த ஏற்பாடுதான் விக்குது. 2023-ல ஸ்ட்ரே கிட்ஸ்ங்குத கொரியக் குழுவோட ஃபைவ் ஸ்டார் ஆல்பம் முதல் வாரத்துலயே 46 லட்சத்தைத் தாண்டிச்சு. யோசிச்சுப் பாருங்க மக்களே, எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கல!

சரி, ஒரே ஆளு ஏன் நாலஞ்சு ஆல்பம் வாங்குதாங்க? பெட்டியைப் பிரிச்சா ஒரு போட்டோபுக், ஒரு சிடி, ஏடிஎம் கார்டு அளவுல ஒரு போட்டோகார்டு. சிடி போட நிறைய வீட்டுல பிளேயரே கிடையாது. கார்டுல யாரு முகம் இருக்குன்னு பிரிச்ச பொறவுதான் தெரியும். பிடிச்ச ஆளு வரலன்னா இன்னொரு பெட்டி. குழு ஆளுங்ககூட வீடியோ கால்ல பேசுத குலுக்கலுக்கும் ஆல்பம் கூடக்கூட வாய்ப்பும் கூடும். இது எனக்குச் சுத்தமா பிடிக்கல. படிக்குத பிள்ளைய கைக்காசைக் கறக்குத ஏற்பாடு இது.

பில்போர்டும் 2022-ல ஒரு கடிவாளம் போட்டுச்சு. ஒருத்தர் ஒரு வாரத்துல ஒரே பாட்டை எத்தனை தடவை டவுன்லோடு வாங்கினாலும் ஒண்ணுதான் கணக்கு.

ஷிப்பிங் செலவைப் பங்கு போட சேர்ந்து ஆர்டர் போடுத தங்கச்சிமாரே, காசு கட்டுததுக்கு முன்னால அந்தக் கடையோட விற்பனை ஹான்டியோவுல ஏறுமான்னு கேட்டுக்கிடுங்க. ஏறாத கடையில வாங்கினா ஆல்பம் உங்க கைக்கு வரும், ஹான்டியோ சார்ட்டுல வராது. நீங்க எந்தக் குழுவுக்காக வாங்குதிய? கமெண்ட்ல சொல்லுங்க!